மொடல் கார் உடற்கூட்டுக்கு எயார்பிரஷ்ஷும் பெயின்ட்டும்: கொழும்பில் எதைத் தெரிவு செய்வது?

ஸ்பிரே டின்னை விட்டு எயார்பிரஷ்ஷுக்கு, அதாவது அழுத்திய காற்றால் பெயின்ட்டைத் தூவும் பேனை போன்ற கருவிக்கு, மாற எண்ணுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த எயார்பிரஷ் நல்லது என்பதைத்தான். என் கருத்தில் அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. எந்தப் பெயின்ட்டை அடிக்கப்போகிறோம், அதை வீட்டின் எந்த மூலையில் வைத்து அடிக்கப்போகிறோம் என்ற இரண்டும் முடிவான பிறகுதான் எந்த அளவு முனை வேண்டும், உள்ளே கசிவைத் தடுக்கும் வளையங்கள் எந்தப் பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும், மூக்குக்கு எத்தகைய கவசம் வேண்டும் என்பவற்றுக்கு விடை கிடைக்கும். கொழும்பில் இருப்பவர்களுக்கு இத்துடன் இன்னும் இரண்டு விடயங்கள் சேர்ந்துகொள்கின்றன: ஆண்டு முழுவதும் காற்றில் நிற்கும் ஈரம், எந்தப் பொருள் இங்கே கையில் கிடைக்கும் என்ற கேள்வி. இந்த ஒப்பீடு 1/24 அளவிலான பிளாஸ்டிக் கார்களைக் கருத்திற்கொண்டே எழுதப்படுகிறது. ரிமோட்டில் ஓடும் கார்களின் தெளிந்த பொலிகார்பனேட் உடல்களுக்கு உட்புறமாக அடிக்கும் தனிப் பெயின்ட் உண்டு. கீழே சொல்லப்படும் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

எயார்பிரஷ் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி யுத்த டாங்கிகளையும் விமானங்களையும் செய்பவர்களிடமிருந்து வருகிறது. அவர்களுக்குத் தேவை மங்கலான மேற்பரப்பும் மெல்லிய கோடுகளும். கார் செய்பவருக்குத் தேவையானது இதற்கு நேர்மாறானது: கண்ணாடி போன்ற பளபளப்பு, அதுவும் கதவு இடுக்குகளை அடைத்துவிடாத அளவுக்கு மெல்லிய படையில். நான்கே கால் மீற்றர் நீளமுள்ள ஒரு கார் 1/24 அளவில் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றராகச் சுருங்குகிறது. உண்மைக் காரின் முழுப்பூச்சு 100 முதல் 150 மைக்ரோன் தடிப்பில் இருக்கும். அதே விகிதத்தில் சுருக்கினால் மொடலில் ஐந்து மைக்ரோன் அளவில்தான் பூச்சு நிற்க வேண்டும். யாராலும் அவ்வளவு மெல்லியதாக அடிக்க முடியாது. ஆயினும் அந்த இலக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தப் பெயின்ட் குறைந்த தடிப்பில் நிறத்தை முழுமையாக மூடுகிறதோ அதுவே நல்லது என்ற அளவுகோல் கிடைத்துவிடுகிறது.

முதலில் ஸ்பிரே டின்னுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிய மொடல் நிறுவனமான டமியாவின் டி.எஸ் வரிசை டின்கள் 100 மில்லிலீற்றர் அளவிலான நல்ல லாக்கர் (கரைப்பான் ஆவியாகி விரைவாக உலரும் பெயின்ட்). ஆண்டுக்கு இரண்டொரு கார் மட்டுமே செய்பவருக்கு வேறெதுவும் தேவையில்லை என்றே நான் சொல்வேன். அதன் குறை, அழுத்தத்தையும் பாயும் அளவையும் நாம் மாற்ற முடியாது என்பது. இரண்டாவது குறை, அதை இங்கே பெறுவதிலுள்ள சிரமம். எரியக்கூடிய பொருளாகையால் விமானத் தபாலில் அனுப்ப முடியாது. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. மொடல்களுக்கென இருக்கும் கடைகளோ கொழும்பில் விரல்விட்டு எண்ணக்கூடியவை; கையிருப்பில் உள்ள நிறத்துக்கேற்ப நம் காரைத் தெரிவு செய்ய வேண்டியதாகிவிடுகிறது. எயார்பிரஷ்ஷுக்கு மாறுவதன் மிகப் பெரிய ஆதாயம் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதுதான்.

இனிப் பெயின்ட்டுக்கு வருவோம். டமியா எல்.பி, மிஸ்டர் கலர் ஆகிய இரண்டும் லாக்கர் வகையின் நன்கறிந்த பெயர்கள். இரண்டும் 10 மில்லிலீற்றர் போத்தல்களில் வருகின்றன. லாக்கர், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைச் சற்றே கரைத்து அதனோடு பற்றிக்கொள்கிறது, விரைவாக உலர்கிறது, உலர்ந்தபின் கடினமாகி, நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உரசு தாள்) கொண்டு தேய்த்து மெருகேற்ற இடம் கொடுக்கிறது. தூசி விழுந்தாலும், தோடம்பழத் தோல் போலச் சொரசொரத்தாலும், அதைத் தேய்த்துச் சரிசெய்ய முடிகிறது. கார் உடற்கூட்டில் இந்தத் திருத்தும் வாய்ப்புத்தான் மற்றெல்லாக் குணங்களையும் விட மேலானது.

லாக்கரின் எதிரி கொழும்பின் ஈரம். பெயின்ட்டைக் கரைக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி பனிநிலைக்கு (காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) கீழே இறங்கினால் காற்றிலுள்ள நீராவி பூச்சின்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. கறுப்பு பொனட் ஒன்றின்மேல் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: அடித்து முடித்தவுடன் பளபளவென்று இருந்த பரப்பு, சில விநாடிகளில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பால் கலந்ததுபோல் வெளுக்கத் தொடங்கும். மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் எனப்படுவதில் உலர்வதைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்ந்திருப்பதால், சாதாரண லாக்கர் தின்னருக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினால் இந்த வெளுப்பு பெருமளவு தவிர்க்கப்படுகிறது. பூச்சும் தானாகப் பரவிச் சமமாவதற்கு நேரம் கிடைக்கிறது. ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர் என்பது உடற்கூட்டுக்கு ஏற்ற விகிதம். வெளுத்துவிட்ட பரப்பின்மேல் இதே தின்னரை மட்டும் மெல்லிய தூறலாக அடித்தால் பல வேளைகளில் நிறம் மீண்டுவிடும். நேரத்தைத் தெரிவு செய்வதும் உதவும்: இங்கே அதிகாலையில் காற்றின் ஈரப்பதன் 90 வீதத்தை நெருங்குகிறது, நண்பகலுக்குப் பின் 70 வீதமளவுக்கு இறங்குகிறது. ஆகவே லாக்கர் அடிப்பவர் மதிய உணவுக்குப் பிந்திய நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை இடிமழை திரண்டு வரும் வேளை பளபளப்புப் பூச்சுக்கு உகந்ததல்ல.

நீர் சார்ந்த அக்ரிலிக், அதாவது வயேஹோ போன்றவை, வெளிநாட்டு உறவினர் தாராளமாகக் கொண்டுவரக்கூடியவை, மணமும் குறைவு. உலர்ந்த நாடுகளில் இவற்றுக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கிய குற்றச்சாட்டு, ஊசியின் நுனியில் பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொள்வது. நம்முடைய ஈரக் காற்று அதை ஓரளவு குறைத்துவிடுகிறது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதே ஈரம் பூச்சு இறுகுவதையும் நீட்டிவிடுகிறது. இறுகிய பின்னரும் அது மென்மையான தோலாகவே இருப்பதால், நீர்த்தாள் பட்டதும் சுருண்டு உரிகிறது; இரு நிறக் காருக்கு மறைப்பு நாடா ஒட்டினால் நாடாவோடு பெயின்ட்டும் எழும்பிவரும் அபாயம் உண்டு. இருக்கை, டாஷ்போட், இயந்திரம், அடிப்பாகம் ஆகியவற்றுக்கு இதைவிட வசதியானது வேறில்லை. உடற்கூட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஒரு விதிவிலக்கைத் தவிர: குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருக்கும், காற்றோட்டமில்லாத தொடர்மாடி வீடு என்றால் இதைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது டமியாவின் எக்ஸ் வரிசை அக்ரிலிக். பெயர் அக்ரிலிக் என்றாலும் இது அற்ககோல் சார்ந்தது. ஆகவே தபாலைப் பொறுத்தவரை லாக்கருக்கு இருக்கும் தடையே இதற்கும் உண்டு. இதற்குரிய எக்ஸ்-20ஏ தின்னரை விட்டு லெவலிங் தின்னரால் கரைத்து அடித்தால் பளபளப்பு வெகுவாக உயர்கிறது என்பது அனுபவமுள்ள பலரும் கண்ட உண்மை. இனாமல் வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: அழகாகப் பரவும், ஆனால் நாட்கணக்கில் ஈரமாகவே கிடந்து வீட்டுத் தூசியையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

கொழும்புக்காரருக்கு மட்டும் இலகுவாகக் கிடைக்கும் ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். பஞ்சிகாவத்தையைச் சுற்றியும் நகரின் வேறு பகுதிகளிலும் வாகனங்களுக்குப் பெயின்ட் கலந்து கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. காரின் தகட்டில் பொறிக்கப்பட்ட நிறக் குறியீட்டைச் சொன்னால் அவர்கள் கலந்து தருவார்கள். டொயோட்டாவின் 040 வெள்ளை இங்கே தெருவெங்கும் ஓடுகிறது. நிசான் ஸ்கைலைன் ஆர்34 காரின் புகழ்பெற்ற நீலத்துக்கு டிவி2 என்று குறியீடு. பிரித்தானியாவின் ஸீரோ பெயின்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் போத்தலில் அடைத்து மொடல் செய்பவர்களுக்கு விற்பதும் இதே வகை வாகனப் பேஸ் கோட், அதாவது கிளியருக்கு அடியில் அடிக்கும் நிறப் படைதான். 100 மில்லிலீற்றர் வாங்கினால் ஆறேழு கார்களுக்குக் காணும்; அவ்வளவு சிறிய அளவில் கலப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பளபளப்பு சேர்ந்த ஒற்றைப் பூச்சு அல்லாமல் பேஸ் கோட்டாகவே தரும்படி வற்புறுத்திக் கேட்க வேண்டும். சாதாரண நிறங்களைப் பல இடங்களில் கடினமாக்கி சேர்க்கும் ஒற்றைப் பூச்சாகக் கலந்து கொடுத்துவிடுவார்கள், அது தடிப்பாகப் படியும். பேஸ் கோட் மங்கலாகவே உலரும். பளபளப்பு முழுவதும் அதன்மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியரிலிருந்துதான் வர வேண்டும். அதிலுள்ள கரைப்பான் வீரியமானதாகையால், பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். கடைக்காரர் கூடவே தரும் என்.சி (நைற்றோசெலுலோஸ்) தின்னரை எயார்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் உடற்கூட்டில் அடிக்கும் முன்னர் யோகட் கோப்பையில் அடித்துப் பார்க்கலாம்: அடியில் முக்கோணத்துக்குள் 6 என்ற இலக்கம் இருந்தால் அது பொலிஸ்டைரீன், அதாவது மொடல் காரின் அதே பிளாஸ்டிக். பிரைமர் அடித்த பாதி, அடிக்காத பாதி என்று பிரித்துச் சோதித்தால் பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

மெற்றாலிக் நிறங்களில் மட்டும் வாகனப் பெயின்ட் சற்று ஏமாற்றும். அதிலுள்ள அலுமினியத் துகள் 15 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டாலும், 24 மடங்காகப் பெருக்கினால் 0.36 மில்லிமீற்றர், உண்மைக் காரில் அந்த அளவு துகளை யாரும் கண்டிருக்க முடியாது. வெள்ளி, சாம்பல் போன்ற நிறங்களுக்கு எல்.பி அல்லது மிஸ்டர் கலரின் நுண்துகள் மெற்றாலிக்கே பொருத்தம். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள் ஆகியவற்றுக்கு உள்ளூர் பேஸ் கோட்டை நான் தயக்கமின்றித் தெரிவு செய்வேன். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த உடற்கூட்டை வெள்ளையாக்குவதானால், எந்தப் பெயின்டாக இருந்தாலும், சிவப்புச் சாயம் மேலே கசிந்து இளஞ்சிவப்பாக்கிவிடாதபடி இடையில் ஒரு வெள்ளிப் படை அடித்து அடைத்துக்கொள்ள வேண்டும்.

பெயின்ட் முடிவானால் அடுத்தது காற்று. கொழும்பில், காற்றை அழுத்தித் தரும் கொம்பிரசருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒருபோதும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கைப்பிடியில் பொருத்தும் மின்கலக் கொம்பிரசர்களும் தாங்கியில்லாத சிறு பெட்டிகளும் விலையில் கவர்ந்தாலும், அவற்றின் காற்று துடித்துத் துடித்து வருவதால் ஈரப் பூச்சு சீராக விழாது. நீரைப் பிரிப்பதற்கும் அவற்றில் வழியில்லை. ஏஎஸ்-186 என்ற பெயரில் பல நிறுவனங்கள் விற்கும் வகை, மூன்று லீற்றர் தாங்கியும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் நீர் பிரிப்பானும் கொண்டது. 3 பாரில் தானாக இயங்கி 4 பாரில் நின்றுவிடும். உடற்கூட்டுக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ (ஏறத்தாழ 1.4 முதல் 1.7 பார்) போதுமாகையால் இது தாராளம். நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கான வகைதானா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

நீர் பிரிப்பானை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 30 பாகை வெப்பத்தில், 75 வீத ஈரப்பதனில், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீர் ஆவியாக இருக்கிறது. அதை 4 பார் வரை (வளிமண்டல அழுத்தத்தோடு சேர்த்து 5 பார்) அழுத்தினால் கனவளவு ஐந்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. அந்தச் சுருங்கிய இடம் அதே வெப்பநிலையில் தாங்கக்கூடிய ஆவி ஆறு கிராம்தான். எஞ்சிய 16, 17 கிராம் நீராக வெளிவர வேண்டும். நிமிடத்துக்கு 20 லீற்றர் தரும் கொம்பிரசர் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு மேசைக்கரண்டிக்கும் மேலான நீர்! அதில் ஒரு துளி முனைவழியாகப் புறப்பட்டுக் கூரையின் நடுவே விழுந்தால் பூச்சை உரித்துவிட்டு மீண்டும் தொடங்குவதுதான் வழி. கொம்பிரசர் சூடேறிவிட்டால் நீர் ஆவியாகவே முதற் பிரிப்பானைக் கடந்து குழாயில் குளிர்ந்து துளியாகக்கூடும். ஆகவே எயார்பிரஷ்ஷின் அடியில் இன்னொரு சிறு பிரிப்பானைப் பொருத்திக்கொள்வது இங்கே ஆடம்பரமாகாது. வேலை முடிந்ததும் தாங்கியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடாவிட்டால் உட்புறம் துருப்பிடிக்கும்.

பழைய சோனகத் தெரு இரும்புக்கடைகளில் கிடைக்கும் 24 லீற்றர் பட்டறைக் கொம்பிரசரும் ஒரு நியாயமான மாற்றுத்தான். இரைச்சல் பெரிது, வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அதை இயக்கினால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் கதவைத் தட்டுவார்கள். ஆனால் பகலில் 8 பார் வரை நிரப்பி நிறுத்திவிட்டால், 1.5 பார் வரை இறங்குவதற்குள் 150 லீற்றருக்கும் மேலான காற்று கிடைக்கும். ஒரு காருக்கு ஒரு படை அடிக்க அது போதும், அந்த நேரத்தில் சத்தமே இருக்காது. தனி வீட்டில் இருப்பவருக்கு இது நல்ல வழி.

இப்போது எயார்பிரஷ். மேலே கிண்ணமுள்ள, காற்றையும் பெயின்ட்டையும் ஒரே விசையில் தனித்தனியே கட்டுப்படுத்தும் இரட்டை இயக்க வகையே பொதுவாக ஏற்றது. முனை அளவில்தான் கார் செய்பவர் பெரும்பாலும் தவறான அறிவுரையைப் பெறுகிறார். 0.2 மில்லிமீற்றர் முனை நுண்கோடுகளுக்கானது. அதனால் ஒரு கூரையை அடித்தால் முதல் ஓரம் காய்ந்த பின்னரே மறு ஓரம் நனையும். உடற்கூட்டுக்கு 0.35 முதல் 0.5 வரை வேண்டும். இவாட்டாவின் நியோ சி.என், எக்லிப்ஸ் சி.எஸ் இரண்டும் 0.35, பட்ஜர் பேட்ரியட் 105 வகை 0.5, ஹார்டர் அன்ட் ஸ்டீன்பெக் எவொலூஷன் சில்வர்லைனின் டூ இன் வன் வகை 0.2, 0.4 ஆகிய இரு முனைகளுடன் ஒரே பெட்டியில் வருகிறது. ஒன்றை மட்டுமே வாங்கக்கூடியவர் என்றால், 0.4 முனையுள்ள ஒன்றைப் பார்ப்பது சிறந்தது. முழுக்க முழுக்க உடற்கூடுகளும் கிளியரும் மட்டும் அடிப்பவருக்கு, பாஷே எச் என்ற பழைய ஒற்றை இயக்க வகை இன்றும் வேலைக்காகும்: பெயின்ட்டும் காற்றும் முனைக்கு வெளியே கலப்பதால் கழுவுவது மிக இலகு, 0.65 முனையில் கிளியர் ஆறாகப் பாயும். நுண்வேலைக்கு அது உதவாது.

130 என்ற இலக்கத்தோடு மலிவாக விற்கப்படும் சீனப் பிரதிகளை முற்றாக ஒதுக்கிவிட மாட்டேன். பிரைமருக்கும் முதற் பயிற்சிக்கும் அவை உதவும். அவற்றின் பலவீனம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஊசிமுனை அளவான முனைக்குழல் திருகிப் பொருத்தப்படுவதால் சற்று அதிகம் முறுக்கினாலே உடைந்து உள்ளே தங்கிவிடும். வளையங்கள் சாதாரண ரப்பர் என்றால் லாக்கர் தின்னரில் ஊறி வீங்கி, விசை நகராமல் இறுகிவிடும். லாக்கர் அடிக்கத் தீர்மானித்தவர் டெஃப்லோன் வளையமுள்ளதா என்று கேட்டே வாங்க வேண்டும். முனையும் ஊசியும் இழப்பு நேரக்கூடிய பொருட்கள். எயார்பிரஷ் வாங்கும்போதே ஒரு மாற்று முனையையும் சேர்த்து வரவழைத்துக்கொள்வது, பின்னர் அதற்காகப் பல வாரங்கள் காத்திருப்பதைத் தவிர்க்கும். குழாய்ப் புரி விடயத்திலும் கவனம் தேவை: இவாட்டாவும் சீனப் பிரதிகளும் எட்டிலொரு அங்குலப் புரியைப் பயன்படுத்துகின்றன, பட்ஜருக்கும் பாஷேக்கும் வேறு புரிகள், இணைப்பி வேண்டும்.

உடற்கூட்டை அடிக்கும்போது எயார்பிரஷ்ஷைப் பார்க்காமல் பரப்பில் தெரியும் டியூப் லைட்டின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் இரண்டு படைகளும் மங்கலான தூறலாக இருக்கலாம். மூன்றாவது ஈரப் படையில், பிம்பம் முதலில் சிதறலாகத் தெரியும்; கை கடந்துபோன ஓரிரு விநாடிகளில் அந்தச் சிதறல்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நேர்கோடாகிவிட்டால் ஈரம் போதும். கோடு உடனே வழுக்கி அசையத் தொடங்கினால், பெயின்ட் வழியப் போகிறது என்று பொருள்.

மூக்குக்கவசத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறேன். துணிக் கவசமும் என்95 கவசமும் துகளை மட்டுமே தடுக்கும். லாக்கரின் ஆவி அவற்றினூடாகத் தடையின்றிப் போகும். சேதன ஆவிக்கான, பழுப்புப் பட்டையுள்ள ஏ வகை வடிகட்டிகள் பொருத்திய இறப்பர்க் கவசம் வேண்டும். சமையலறையில், எரிவாயு அடுப்புக்கு அருகே, வெளியேற்று விசிறிக்குக் கீழே அடிப்பது தீ விபத்தை வலிய அழைப்பதாகும்.

கடைசித் தெரிவு கிளியர். இருபொருள் கிளியர், அதாவது கடினமாக்கி சேர்த்து அடிக்கும் 2கே, உள்ளூரிலேயே கிடைக்கிறது. ஒரே ஈரப் படையில் அபாரமான பளபளப்பைத் தருகிறது. ஆனால் அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. மூச்சில் தொடர்ந்து கலந்தால் நிரந்தர ஆஸ்துமாவை ஏற்படுத்தக்கூடிய பொருள் அது. மணத்தை வைத்து அதன் ஆபத்தை உணரவும் முடியாது. வாகனப் பட்டறைகளில்கூட வெளிக்காற்றைத் தனிக் குழாயில் வழங்கும் கவசமே அதற்கு உரியது. ஆகவே தொடர்மாடியில் 2கே வேண்டாம் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டு பங்கு லெவலிங் தின்னரில் கரைத்த லாக்கர் கிளியரை நான்கைந்து மெல்லிய படைகளாக அடித்து, நம் ஈரக் காலநிலையைக் கருதி இரண்டு வாரம் மூடி வைத்துவிட்டு, 2000 இலக்க நீர்த்தாளால் மெல்லத் தேய்த்தபின் மெருகேற்றினால் அதே தரத்துக்கு நெருங்கி வரலாம். டமியாவின் மெருகுப் பசை சிவப்பு, நீலம், வெள்ளை மூடிகளில் மூன்று படிகளாக வருகிறது. தேய்க்குமுன் பொனட்டின் மடிப்பிலும் கதவுகளின் ஓரத்திலும் மெல்லிய மறைப்பு நாடா ஒட்டிவிடுங்கள், ஏனெனில் விளிம்பில்தான் பூச்சு மிக மெல்லியதாக நிற்கிறது. வெள்ளை மூடிப் பசைக்கு வந்தபின் நாடாவை நீக்கி, அந்த ஓரங்களை விரலில் சுற்றிய மென்துணியால் இரண்டு முறை வருடினால் போதும்.